பாப்பம்மாள் சொன்ன வார்த்தை

ஒரகடம் போகிற சாலையில் இருந்த அந்த மோட்டார் கம்பெனியில் நூற்று எண்பது பேர் வேலை பார்த்தார்கள். மேஜைமேல் இங்கிலீஷ் அகராதி வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர் அதில் ஒருத்தர்தான். குவாலிட்டி இன்ஸ்பெக்டர் திருநாராயணன். ஸ்ரீபெரும்புதூர் சன்னிதித் தெருவில் வீடு. அப்பாவுக்குக் கோயில் கைங்கர்யம். இவர் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துக் கம்பெனிக்கு வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. யாராவது எழுதிய மெமோவில் எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்து, எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார். லைனில் அவரை 'டிக்ஷனரி' என்றுதான் சொல்வார்கள். கிண்டல் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துபோவார்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் செப்டம்பரில் நாசிக்கிலிருந்து நாற்பத்திரண்டு மோட்டார்கள் திரும்பி வந்தன. கிணற்று பம்புக்கான மோட்டார்கள். ஓடவிட்டால் கரகரவென்று சத்தம் வருகிறது என்று கூடவே ஒரு கடிதம். பிரித்துப் பார்த்ததில் பேரிங்கில் கோளாறு. குண்டுகள் உருளுகிற தடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். நகத்தால் தடவினால் தட்டுப்பட்டன.

மோட்டார் தண்டில் பேரிங்கை ஏற்றுகிற வேலை பாப்பம்மாளுடையது. பிள்ளைப்பாக்கத்துக்காரி, முப்பத்தெட்டு வயது, எட்டாவது வரை படித்தவள். புருஷன் கோதண்டத்துக்கு ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர். ஏரி நிரம்பினால் நடவு, நிரம்பாவிட்டால் கூலி வேலை. இவள் ஆறு வருஷமாக, பேரிங்கை அழுத்தி ஏற்றுகிற கை பிரஸ்ஸின் முன்னால் நின்றாள். நாளைக்கு நூற்றிருபது பேரிங் ஏற்றுவாள். அதுவரை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

புரொடக்ஷன் மேனேஜர் ராஜசேகர் அவளைக் குவாலிட்டி அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் அறுத்த பேரிங் ஒன்று கிடந்தது. பக்கத்தில் பூதக்கண்ணாடி.

"முரட்டுத்தனமா அழுத்தி ஏத்தியிருக்கே. குண்டு தடத்துல பதிஞ்சிருக்கு பாரு" என்றார் ராஜசேகர்.

பாப்பம்மாள் பேரிங்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

"இது பிரஸ்ல வந்தது இல்ல சார். தப்பா அழுத்தினா சுத்திவரப் பள்ளம் வுழும். இது பாதிப் பக்கந்தான் கீது. பொடி வேற சேப்பா, துரு மாதிரி கீது பாருங்க. லாரில படுக்க வெச்சு அனுப்பறாங்க இல்ல, ஓடாம நின்ன இடத்துலயே மூணு நாள் குலுங்கிக்கினு போனா இப்டி ஆவும். இதுக்குப் பேரே கீது சார். பால்ஸ் பிரினலிங்."

அதுவரை ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்த திருநாராயணன் நிமிர்ந்தார். "என்னது?"

"பால்ஸ் பிரினலிங் சார். போன வருசம் பேரிங் கம்பெனிலேர்ந்து ஒரு மாஸ்டர் வந்து மூணு நாள் கிளாஸ் எடுத்தார். அவர் சொன்னது. நோட்ல எழுதி வெச்சிக்கினு கீறேன்."

அந்த மூன்று நாளும் திருநாராயணன் தங்கை கல்யாணத்துக்காக லீவில் இருந்தார். அந்த மாஸ்டரை அவர் பார்த்ததில்லை. அகராதியை எடுத்துப் புரட்டினார். விரலை ஒரு இடத்தில் வைத்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பிழை அகப்பட்டால் வருகிற சிரிப்பு.

"பிரினெல்ங்கிறது ஒரு மனுஷன் பேர் பாப்பம்மா. இரும்பு எவ்வளவு கெட்டின்னு பார்க்கிற டெஸ்ட்டுக்கு அவர் பேரை வெச்சிருக்காங்க. அது எனக்குக் காலேஜ்லயே தெரியும். ஆள் பேரோட 'இங்' சேர்த்துட்டா வார்த்தை ஆயிடுமா? அப்போ நம்ம சார் தினமும் ரவுண்ட்ஸ் வர்றதுக்கு என்ன பேரு, ராஜசேகரிங்கா?"

ராஜசேகர் வாய்விட்டுச் சிரித்தார். கதவருகில் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த லோடிங் ஆள் மாரியும் சிரித்தான். அவன் பாப்பம்மாளின் கொழுந்தன். சிரிப்பு அடங்கியபோது பேச்சு பேரிங்கை விட்டு எங்கேயோ போய்விட்டிருந்தது. பூதக்கண்ணாடியை யாரும் தொடவில்லை. பள்ளம் பாதிப் பக்கமா முழுப் பக்கமா என்று பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். வார்த்தையே இல்லை என்றான பிறகு அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று திருநாராயணன் அப்போது நினைத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை.

கேன்டீன் சுவரில் பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு பலகை உண்டு. 'உங்கள் யோசனைகள்' என்று மேலே எழுதி நிர்வாகம் மாட்டிவைத்தது. யார் வேண்டுமானாலும் தாளைக் குத்தலாம், கீழே யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். பெயர் போடவேண்டியதில்லை. அதனால் சாம்பாரைப் பற்றியும் ஷிப்ட் பஸ்ஸைப் பற்றியும் 'நண்டு', 'உண்மை விளம்பி', 'லைன் நம்பர் டூ' என்றெல்லாம் புனைபெயர்களில் சண்டை நடக்கும். மறுநாள் காலை அதில் ஒரு புதிய தாள். 'நம் தொழிற்சாலையில் ஒரு புதிய ஆங்கிலச் சொல் பிறந்திருக்கிறது. பெயர்: பிரினலிங். உலகத்தின் எந்த அகராதியிலும் இல்லை. தாயும் சேயும் நலம். இப்படிக்கு, சொல்லாய்வாளன்.' திருநாராயணன் இடது கையால் எழுதியது.

மத்தியானத்துக்குள் தாள் நிரம்பிவிட்டது. 'இன்று இட்லியில் பயங்கர பிரினலிங்' என்று நண்டு எழுதினான். 'என் சைக்கிள் பிரினலிங் ஆகிவிட்டது, அரை நாள் லீவு தேவை' என்று இன்னொருத்தன். அடியில், தெளிவான உருண்டை எழுத்தில் நாலு வரி:

'வார்த்தை இருக்கிறது. கிளாசில் சொன்னார்கள். பள்ளம் பாதிப் பக்கம்தான் இருக்கிறது, பொடி சிவப்பாக இருக்கிறது. வந்து பார்த்துவிட்டுப் பேசவும். பாப்பம்மாள், அசெம்பிளி.'

அந்தப் பலகையில் சொந்தப் பெயரைப் போட்டு எழுதியவள் அவள் ஒருத்திதான்.

சொல்லாய்வாளன் பதில் எழுதினான். அவள் மறுபடி எழுதினாள். 'அந்த மாஸ்டர் பொய் சொல்ல அவருக்கு என்ன வேண்டுதல்?' என்று கேட்டாள். 'மாஸ்டர் சொன்னது வேறு, காதில் விழுந்தது வேறு' என்று சொல்லாய்வாளன். 'காதில் பிரினலிங்' என்று கீழே யாரோ. இப்படியே பத்து நாள் போயிற்று. டீ டைமில் ஆட்கள் டம்ளரோடு நேரே பலகைக்குத்தான் வருவார்கள். திருநாராயணன் தூரத்தில் உட்கார்ந்து, அவர்கள் தன் வரிக்குச் சிரிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்குப் போகும்போது அடுத்த வரியை யோசித்துக்கொண்டே சைக்கிள் மிதிப்பார். இவ்வளவு உற்சாகமாக அவர் பல வருஷமாக எதையும் எழுதியதில்லை.

பத்தாம் நாள் மெமோ போயிற்று. முரட்டுத்தனமாகக் கையாண்டதால் பொருள் சேதம், ஆகவே பிரஸ்ஸிலிருந்து வாஷிங் பிரிவுக்கு மாற்றம். வாசகம் திருநாராயணனுடையது, கையெழுத்து ராஜசேகருடையது. பாப்பம்மாள் அதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு மேலே, 'இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை' என்று தமிழில் எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். வாஷிங் என்பது மண்ணெண்ணெய்த் தொட்டியில் உதிரி பாகங்களை முக்கி முக்கிக் கழுவுகிற வேலை. ஒரு வாரத்தில் அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்து உரிய ஆரம்பித்தது.

செப்டம்பர் இருபத்தெட்டு, சனிக்கிழமை. அளவுக் கருவி ஒன்றை ரிப்பேருக்குக் கொடுக்கத் திருநாராயணன் மெட்ராஸ் போனார். பிராட்வேயில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. பக்கத்துக் கடை பேரிங் வியாபாரம். சைஸ் சார்ட் ஒன்று இருந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று ஏறினார். எந்த ஊர் என்று கடைக்காரர் கேட்டார். ஸ்ரீபெரும்புதூர் என்றதும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். அந்த வருஷம் மே மாசக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஊர்ப்பேரைச் சொன்னால் எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். பிறகு சைஸ் சார்ட்டோடு, பேரிங் ஏன் கெட்டுப்போகிறது என்று கம்பெனிக்காரர்கள் போட்ட ஒரு சின்னப் புத்தகத்தையும் இலவசமாகக் கொடுத்தார்.

திருநாராயணன் கடை வாசலிலேயே நின்று புரட்டினார். முப்பத்தொன்றாம் பக்கம். தலைப்பு, 'ஃபால்ஸ் பிரினெல்லிங்'.

கீழே ஒரு போட்டோ. தடத்தின் பாதிப் பக்கத்தில் மட்டும் வரிசையாகப் பள்ளங்கள். ஓடாமல் நிற்கிற எந்திரம் ரயிலிலோ லாரியிலோ தொடர்ந்து குலுங்கினால் இப்படி ஆகும், அழுத்தி ஏற்றியதால் வந்தது என்று தவறாக நினைத்துவிடக் கூடாது, அதனால்தான் பெயரில் 'போலி' என்று சேர்த்திருக்கிறது, அடையாளம் சிவந்த பொடி என்று எழுதியிருந்தது. அவள் 'பால்ஸ்' என்றாள், புத்தகம் 'ஃபால்ஸ்' என்றது. உச்சரிப்புதான் கொஞ்சம் வித்தியாசம். மற்றதெல்லாம் அவள் சொன்னபடியே இருந்தது. பிரினெல் என்ற அந்த மனுஷனின் பெயரை எஞ்சினியர்கள் எப்போதோ வினைச்சொல் ஆக்கிவிட்டிருந்தார்கள். திருநாராயணனுடைய அகராதிக்குத்தான் சேதி வந்து சேரவில்லை.

முகம் சுட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். பிராட்வேயில் அவரை யாருக்குத் தெரியும்? இருந்தாலும் புத்தகத்தை மூடி, பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்தார். பஸ் பூந்தமல்லி தாண்டி வருகிறவரைக்கும் திங்கட்கிழமை என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். 'சார், ஒரு சின்ன விஷயம்' என்று ஆரம்பிக்கலாம். ஊர் வருவதற்குள் அந்த ஆரம்பம் தேய்ந்துபோயிற்று. புத்தகம் வீட்டு அலமாரியில் பழைய பஞ்சாங்கங்களுக்குப் பின்னால் போய்விட்டது.

திங்கட்கிழமை ராஜசேகரே அவரைத் தேடி வந்தார்.

"நாசிக்குக்கு லெட்டர் போடணும். ஆபரேட்டர் தப்பு, நடவடிக்கை எடுத்தாச்சுன்னு எழுதிடலாம் இல்லையா? அந்தப் பொம்பளை என்னமோ பேர் சொல்லுச்சே, நிஜமாவே அப்படி ஒண்ணு இல்லைதானே? அப்புறம் நாசிக்காரன் ஏதாவது புஸ்தகத்தைத் தூக்கிட்டு வந்துடப்போறான்."

தொண்டையில் உண்மை இருந்தது. நாக்கு வேறு ஒன்றைச் சொல்லிற்று.

"இல்லை சார். அப்படி ஒரு வார்த்தை கிடையாது."

சொன்ன பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. ராஜசேகர் தலையாட்டிவிட்டுப் போனார். பிரஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. முன்பு சொன்னதெல்லாம் தெரியாமல் சொன்னது. இது தெரிந்து சொன்னது. திருநாராயணன் ரிப்போர்ட்டை எடுத்து ஒரே வரியை மூன்று தடவை படித்தார். அன்றிலிருந்து கேன்டீனுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். வாஷிங் பக்கமாகப் போகவேண்டி வந்தால் ஸ்டோரைச் சுற்றிக்கொண்டு போனார். சொல்லாய்வாளன் எழுதுவதை நிறுத்தினான். ஆனால் பலகைக்கு இனி அவன் தேவைப்படவில்லை. மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை, பாப்பம்மாள் குவாலிட்டி அறைக் கதவருகே வந்து நின்றாள். அவளோடு மண்ணெண்ணெய் வாசனையும் வந்தது.

"சார், ஒரு விசயம் கேக்கணும்."

"சொல்லு" என்றார். பேனாவைக் கீழே வைக்காமல், தாளைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான்தான் தப்பா காதுல வாங்கிக்கினேன் போல கீது சார். எத்தினி பேரு சொல்றாங்க. நீங்களே புக்கைப் பாத்து இல்லைன்னு சொல்றீங்க. நோட்டை எடுத்துப் பாத்தேன், பென்சில்ல எழுதினது, அதுவும் கலைஞ்சு கீது. கிழிச்சுப் போட்டுட்டேன். பலகையில மன்னிப்புக் கேட்டு எழுதிட்டா மறுபடி பிரஸ்ல வுடுவாங்களா? மேனேஜர் சாராண்ட நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு. ஆயுத பூஜைக்குள்ள போயிட்டேன்னா நல்லாருக்கும். ஆறு வருசமா அதுக்கு நான்தான் சந்தனம் வெக்கிறது."

அவள் சண்டைக்கு வந்திருந்தால் தாங்கியிருப்பார். அவள் தன் காதையே நம்பாமல் வந்து நின்றாள். அந்தக் காதில் விழுந்தது சரி என்று இந்தக் கம்பெனியில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். வாயைத் திறந்தார். "பார்க்கலாம். இப்போ கொஞ்சம் வேலை இருக்கு" என்றார்.

"சரி சார்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலை வீட்டில் மனைவி ஜயஸ்ரீ கொலுப்படிக்கு முட்டுக்கொடுக்க அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள். பஞ்சாங்கங்களோடு அந்தப் புத்தகமும் கையில் வந்தது. திருநாராயணன் பாய்ந்து போய்ப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் ஒரு செட்டியார் பொம்மை உருண்டது.

"என்னன்னா இது? புஸ்தகத்தைத்தானே எடுத்தேன்" என்றாள் ஜயஸ்ரீ.

அவர் ஊஞ்சலில் உட்கார்ந்தார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ராஜசேகரிங் ஜோக்கிலிருந்து, இடது கையால் எழுதியதிலிருந்து, நேற்று அவள் வந்து நின்றது வரைக்கும். இடையில் ஒரு தடவை, "அகராதியில நிஜமாவே இல்லை, தெரியுமோ" என்றும் சொன்னார். ஜயஸ்ரீ கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"அவ வந்து நின்னு கேட்டப்போகூடவா சொல்லலை?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பொம்மையை எடுத்துத் துடைத்துப் படியில் வைத்தாள். அவர் கிளம்பும்போது பார்த்தால், புத்தகம் சாப்பாட்டுப் பையில் டப்பாவுக்குப் பக்கத்தில் செருகியிருந்தது.

கம்பெனிக்குப் போனபோது பலகையில் புதிய தாள் குத்தியிருந்தது. அதே உருண்டை எழுத்து. 'நான் சொன்ன வார்த்தை தப்பு. எல்லாரும் மன்னிக்கவும். பாப்பம்மாள், வாஷிங்.' அதற்குக் கீழே அதற்குள் யாரோ, 'பிரினலிங் காலமானார், கருமாதி எப்போது?' என்று எழுதிவிட்டிருந்தார்கள்.

திருநாராயணன் நேரே ராஜசேகர் அறைக்குப் போய்ப் புத்தகத்தை விரித்து வைத்தார். ராஜசேகர் பக்கத்தைப் படித்தார், போட்டோவைப் பார்த்தார், கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது எப்போ கெடச்சது?"

"பத்து நாள் ஆச்சு சார். பத்து நாளுக்கு மேலேயே ஆச்சு."

"அந்தத் திங்கக்கிழமை நான் கேட்டப்போ?"

"கையில இருந்தது."

ராஜசேகர் பெருமூச்சு விட்டார். "லெட்டர் போயாச்சு. லாரியில குலுங்கினதுன்னு இப்போ மாத்தினா நம்மதான் மடையன். லாரி காண்ட்ராக்ட் வேற முதலாளி மச்சானுது. ஆயுத பூஜை முடியட்டும், அந்த அம்மாவை சத்தம் போடாம பிரஸ்ஸுக்கு மாத்திடலாம். புஸ்தகத்தை உள்ள வைங்க. யாருக்கும் தெரியவேண்டாம்."

தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. மேலதிகாரியே கொடுத்த வழி. பாப்பம்மாளுக்கு பிரஸ், தனக்கு மானம், யாருக்கும் நஷ்டமில்லை. திருநாராயணன் தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்து அதை ஒரு மணி நேரம் யோசித்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்டவள் அவளாகவே இருந்துவிடுவாள். பெயர் போட்டு எழுதியவள், பெயர் போட்டே தப்பு என்று ஒத்துக்கொண்டவள். அந்தத் தாள் அங்கே இருக்கும்வரை தன்னால் அந்தக் கேன்டீனில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது.

முப்பத்தொன்றாம் பக்கத்தைக் கிழித்தெடுத்தார். ஒரு முழுத்தாளில் அதைத் தமிழில் எழுதினார், வலது கையால். பிறகு அதன் கீழே:

'பாப்பம்மாள் சொன்ன வார்த்தை உண்மையான வார்த்தை. அவர் சொன்ன காரணமும் சரி. இல்லை என்று சொன்னது நான். சொல்லாய்வாளன் என்ற பெயரில் இங்கே எழுதி அவரைக் கேலி செய்ததும் நான். செப்டம்பர் 28 அன்றே எனக்கு உண்மை தெரியும். தெரிந்த பிறகும் இல்லை என்று மேனேஜரிடம் பொய் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவேண்டியவன் நான். தி. திருநாராயணன், குவாலிட்டி.'

மூன்று மணி டீக்கு ஐந்து நிமிஷம் முன்னால் போய் அவள் தாளை எடுத்துவிட்டு இதையும் கிழித்த பக்கத்தையும் குத்தினார். ஊசி இரண்டு தடவை கீழே விழுந்தது. குத்திவிட்டு ஓடிவிடத் தோன்றிற்று. நின்றார்.

மணி அடித்தது. டம்ளரோடு வந்தார்கள், வழக்கம்போலச் சிரிக்கத் தயாராக. முன்னால் நின்றவன் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். பாதியில் அவன் குரல் இறங்கிற்று. யாரும் அவரைத் திட்டவில்லை. ஒருத்தர் பின் ஒருத்தராகத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டார்கள். அதுதான் தாங்கவில்லை. நண்டு யார் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பெயின்ட் ஷாப் பையன் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனான்.

வாஷிங்கிலிருந்து பாப்பம்மாள் வந்தாள். வழி விட்டார்கள். எல்லாவற்றையும் படித்தாள். போட்டோவைக் கிட்டப் போய்ப் பார்த்தாள், பள்ளங்களின்மேல் உரிந்த விரலை வைத்து. பிறகு அவரிடம் வந்தாள்.

"இருபத்தெட்டாந் தேதியே தெரியுமா சார்?"

"தெரியும்."

"நேத்து நான் வந்தப்போவும் தெரியும்."

"தெரியும்."

அவள் கண் கலங்கவில்லை. கோபம்கூட மெதுவாகத்தான் வந்தது, அடுப்பில் வைத்த அண்டாத் தண்ணீர் சூடேறுவதுபோல.

"என் நோட்டை நானே கிழிச்சேன் சார்" என்றாள். "இங்க எழுதிட்டீங்க, சரி. இங்க கீறவங்க படிப்பாங்க. எங்க ஊர்ல பலகை கெடையாது. மாரி தெனம் போயி டீக்கடையில ஒக்காந்து இத்தத்தான் சொல்லிக்கினு கீறான். என் பொண்ணை இஸ்கூல்ல பிரினல் பொண்ணுன்னு கூப்புடறாங்க. எம்புருசன் வெளிய போனாலே கேக்கறாங்க. அவங்களாண்ட யார் சொல்றது?"

திருநாராயணன் இதை எதிர்பார்க்கவில்லை. தாளோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தார்.

"நான் வந்து சொல்றேன்" என்றார்.

"ஞாயித்துக்கெயம வாங்க. எல்லாம் வூட்டுல இருப்பாங்க."

வெள்ளிக்கிழமை ராஜசேகர் அவருக்கு மெமோ கொடுத்தார். அதில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. சுழிக்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். நூற்று எண்பது பேர் படித்த விஷயத்தை மூட முடியாதாகையால், பாப்பம்மாளையும் அன்றே பிரஸ்ஸுக்குத் திரும்ப அனுப்பிவிட்டார்கள். அவளுக்குக் கொடுத்த மெமோவை ஆபீசில் கிழித்துப் போட்டுவிட்டதாகச் சிலர் சொன்னார்கள். இன்னும் ஃபைலிலேயே இருப்பதாகவும் சிலர் சொன்னார்கள். ஆயுத பூஜை கழிந்து போன முதல் லோடில் மோட்டார்களை நிற்கவைத்து, அடியில் வைக்கோல் பரப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் திரும்பி வரவில்லை.

ஆனால் அதெல்லாம் அப்புறம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திருநாராயணன் சைக்கிளில் பிள்ளைப்பாக்கம் போனார். கோதண்டம் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். பாப்பம்மாள் வெளியே வந்து, மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு நீளமானது. மாஸ்டர் வந்தபோது தான் லீவில் இருந்தது, அகராதி பழைய பதிப்பு என்பதெல்லாம் அதில் இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் பாதி உதிர்ந்துவிட்டது.

"உங்கம்மா சொன்னதுதாம்மா சரி. நான்தான் தப்பு. தெரிஞ்சும் ஒத்துக்காம இருந்துட்டேன்."

கோதண்டம் சங்கடப்பட்டார். "ஐயரு நீங்க இம்மாந்தூரம் வந்ததே போதும். அது பொம்பள, எதுனா பேசிக்கினே இருக்கும். மனசுல வெச்சுக்காதீங்க."

"போதாது" என்றாள் பாப்பம்மாள். குரலை உயர்த்தவில்லை. "மாரி வூட்டுக்குப் போவணும். அப்புறம் டீச்சரம்மா வூடு. அப்புறம் டீக்கடை."

அவள் முன்னால் நடந்தாள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தார். மாரி வீட்டில் அவன் பெண்டாட்டிக்கும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. மாரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். டீச்சர் சந்திரம்மாள் உட்காரச் சொல்லி, மோர் கொண்டுவந்து கொடுத்து, முழுதும் கேட்டுவிட்டு, "நானும் கிளாஸ்ல சிரிச்சேன் சார்" என்றாள், தரையைப் பார்த்து. ஒவ்வொரு இடத்திலும் சொல்லச் சொல்லப் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் லீவு போயிற்று, பிறகு அகராதி போயிற்று, டீக்கடைக்கு வந்தபோது ஆறு வார்த்தைகள்தான் மிஞ்சியிருந்தன.

டீக்கடை நாகப்பனுக்குக் காது மந்தம். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். திருநாராயணன் முதலில் மெதுவாகத்தான் சொன்னார்.

"இன்னா சொல்றாரு? கேக்கல. கொஞ்சம் ஒரக்கச் சொல்லுங்க" என்றார் நாகப்பன், டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு.

திருநாராயணன் பாப்பம்மாளைப் பார்த்தார். அவள் வேறு எங்கும் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பொய் சொன்னேன்" என்றார், தெரு முழுக்கக் கேட்கும்படி. "இவங்க சொன்னது நிஜம்."

பெஞ்சில் ஒருத்தன் டம்ளரைக் கீழே வைத்தான். நாகப்பன் தலையை ஆட்டிவிட்டு மறுபடி டீ ஆற்ற ஆரம்பித்தார். பாப்பம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அவ்ளோதான் சார். வெயில் ஏறுது, போங்க" என்று சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் திரும்பி நடந்தாள்.

அவர் சைக்கிளில் ஏறினார். பத்தடி போவதற்குள் கடையில் யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தது கேட்டது. என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. காது சிவந்துபோயிற்று. ஏரிக்கரை வரைக்கும் அந்தச் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருப்பதுபோல இருந்தது. மிதித்துக்கொண்டே போனார்.